எல்லை தாண்டி ஒரு குளியல்

தமிழக எல்லையோரத்துப் பள்ளிப்பட்டைச் சுற்றி எங்கும் மலைதான். ஆனால் அருவி என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் ஆந்திரத்துக்குள் போக வேண்டும். ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தாலுகாவும் அதையொட்டிய சில பகுதிகளும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நகரியும் புத்தூரும் அந்தப் பக்கமே இருந்துவிட்டன. மலையின் அருவிகளும் அவற்றோடு. பெண் கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் இங்கே யாரும் எல்லைக் கல்லைப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குளியலுக்கும் பார்க்க வேண்டியதில்லை.

முதலில் போக வேண்டியது கைலாசகோனா. நகரி, புத்தூர் வழியாக நாராயணவனம் தாண்டினால், ஊத்துக்கோட்டை சாலையிலிருந்து மலையடிவாரத்துக்குக் கிளைச்சாலை பிரியும். வண்டியை விட்டு இறங்கினால் படிகளோடு கூடிய சிறு நடைதான். முழங்கால் வலி உள்ள பாட்டியும் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறிவிடலாம். அருவியை ஒட்டியே சிவன் சந்நிதி. தண்ணீர் நேராகத் தலையில் விழும். அடியில் நின்று குளிக்கலாம். மலையேற்றக்காரர்கள் இதை ஓர் அருவியாகவே மதிப்பதில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. பொதட்டூர்பேட்டையில் ஆறு நாள் விசைத்தறி ஓட்டுகிறவருக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வருகிறவருக்கும் கிடைப்பது ஒரே ஒரு விடுமுறை நாள். குடும்பத்தில் ஒருவரையும் வீட்டில் விடாமல் அழைத்துப் போக முடிகிற அருவிதான் அவர்களுக்கு நல்ல அருவி.

இந்த மலை பெரும்பாலும் குவார்ட்சைட் பாறை. மணற்கல் கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுத்தத்திலும் வெப்பத்திலும் இறுகி உருவான கெட்டிப் பாறை அது. அடுக்கடுக்காக இருக்கும், அடுக்குகளுக்கு இடையிலும் வெடிப்புகளிலும் மழைநீர் இறங்கித் தங்கி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேறும். அதனால்தான் கைலாசகோனாவில் கோடையிலும் நீர் நிற்பதில்லை, மெலியத்தான் செய்கிறது. பூண்டிக்கு அருகே அதிரம்பாக்கத்தில் ஆதிமனிதர்கள் விட்டுச்சென்ற கற்கருவிகளும் இதே வகைப் பாறையில் செதுக்கியவை. ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். சொன்னபின் கல்லை அங்கேயே போட்டுவிடுங்கள்.

நல்ல காலம் நவம்பர் கடைசி முதல் ஜனவரி வரை. வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்களில் மட்டும் கிளம்பாதீர்கள். ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலையாற்றில் என்ன ஆகும் என்பது பள்ளிப்பட்டுக்காரர்களுக்குத் தெரியும். 2021 நவம்பரில் தரைப்பாலங்கள் மூழ்கிக் கிராமங்கள் துண்டிக்கப்பட்டன. ஆற்றில் அப்படி வெள்ளம் ஓடும் நாளில் அருவியும் குளிப்பதற்கானது அல்ல.

தடா அருவி என்று நாம் சொல்லும் உப்பலமடுகும், ஆரை கிராமத்திலிருந்து ஏறும் நாகலாபுரம் அருவியும் வேறு ரகம். கும்மிடிப்பூண்டியிலிருந்து தடா பக்கம்தான் என்பதால் பலர் செருப்போடு கிளம்பிவிடுகிறார்கள். அங்கே பாதை என்பது ஓடையும் உருண்ட பாறைகளும்தான். அடிவாரத்துச் சிறு மடுக்களில் கால் நனைத்துத் திரும்புவது எளிது. மேலே போவதற்கு நல்ல காலணியும், காலையிலேயே கிளம்பும் ஒழுங்கும், வழி தெரிந்த துணையும் வேண்டும். மடுக்கள் பார்வைக்குத் தெளிவாக இருக்கும், ஆழம் தெரியாது. இந்த மலை மடுக்களில் நீச்சல் தெரிந்த இளைஞர்களே மூழ்கி இறந்திருக்கிறார்கள். மேலே மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே ஓடையில் தண்ணீர் ஏறும். நீர் கலங்கி இலைச்சருகு மிதந்து வந்தால் உடனே கரையேறிவிடுங்கள். சோதனைச்சாவடியில் வனத்துறையினர் இன்று வேண்டாம் என்றால் அவர்களோடு வாதாடாதீர்கள். அப்படி மூழ்கி இறந்த இளைஞர்களின் வீடுகளில் இன்னும் அழுதுகொண்டிருப்பவர்களை நினைத்தே இதைச் சொல்கிறேன்.

கண்ணாடிப் பாட்டில் மட்டும் கொண்டுபோகவே கூடாது. அடுத்து வெறுங்காலோடு இறங்கப்போவது ஒரு குழந்தையாக இருக்கலாம். சாப்பாட்டுப் பையைக் குரங்குகள் பிடுங்கும். வண்டியிலேயே பூட்டி வைத்து, குளித்து வந்தபின் சாப்பிடுங்கள்.

கைலாசகோனாவில் மதியத்துக்குள் குளித்து முடித்தால் திரும்பும் வழியில் நேரம் மிஞ்சும். நாராயணவனத்தில் கல்யாண வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கிறது. ஊத்துக்கோட்டை வழியாகத் திருவள்ளூர் போகிறவர்கள் நாகலாபுரத்தில் வேதநாராயணரைப் பார்க்கலாம். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாளின் பெயரில் அமைத்த ஊர் அது. இன்னும் கொஞ்சம் தள்ளி, ஆரணியாற்றங்கரைச் சுருட்டப்பள்ளியில் சிவன் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கிறார். பிற்பகலில் நடை சாத்தியிருக்கும், நான்கு மணிக்கு மேல் போங்கள்.