பாலாற்றங்கரையின் சாவுக் கணக்கு

2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதாவது லட்சத்துக்கு 12.4. பீகாரில் 0.6, உத்தரப்பிரதேசத்தில் 3.5, தமிழ்நாட்டில் 25.9, கேரளத்தில் 28.5. நம் மாநிலத்தில் மட்டும் 19,834 பேர். நாளொன்றுக்கு 54 உயிர். வறுமைதான் காரணமென்றால் இந்த வரிசை தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

எண்ணுகிற விதத்திலும் வித்தியாசம் உண்டு. இவை போலீஸ் ஸ்டேஷனில் பதிவானவை. கேஸுக்கும் ஊர்ப்பேச்சுக்கும் பயந்து மறைக்கப்படும் சாவுகள் இதில் வராது. வந்தாலும் பல, ‘தீராத வயிற்றுவலி’ என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். 2010-இல் போலீஸ் கணக்கு 1,34,599. வீடுவீடாக விசாரித்த ஆய்வு அதே ஆண்டுக்கு மதிப்பிட்டது 1,87,000. அந்த ஆய்விலும் தென்மாநிலங்களே மேலே நின்றன. ஆகவே கணக்குப் பிழையை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றோடு மேற்கே போனால் வேலூர். அங்கே கணியம்பாடி ஒன்றியத்தில் சுமார் ஒரு லட்சம் மக்களின் ஒவ்வொரு சாவையும் சிஎம்சி மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் விசாரித்தார்கள். 1994 முதல் 1999 வரை லட்சத்துக்கு 95! அப்போது நாட்டின் போலீஸ் கணக்கு சுமார் 10. 1992 முதல் 2001 வரையிலான அவர்கள் கணக்கில், பத்து முதல் பத்தொன்பது வயதுப் பெண் பிள்ளைகளிடையே 148. அதே வயதுப் பையன்களிடையே 58. இந்த 148-தான் என்னைத் தூங்கவிடாத எண். விழுப்புரம் கிராமங்களில் 1997-98இல் ஆண் பெண் சேர்த்து 62.

சண்டையும் கடனும் தேர்வுத் தோல்வியும் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் நெல் விளையும் நம் ஊர்களில் பூச்சிமருந்து வீட்டுக்குள் இருக்கிறது. உத்திரமேரூர் உள்கிராமத்திலிருந்து செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வெகுதூரம். சாகத் தோன்றும் அந்த ஒரு மணி நேர ஆவேசம் கடந்துவிட்டால் பிழைத்துக்கொள்பவர்கள் ஏராளம். இலங்கை கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்தது. 1995-இல் லட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை, பத்தாண்டில் 24 ஆனது. காட்டுமன்னார்கோயில் பக்கம் இரண்டு கிராமங்களில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு விவசாயிகள் பூச்சிமருந்தை வைக்கப் பொதுவிடத்தில் பூட்டுப் பெட்டகம் அமைத்தது; அங்கும் சாவு குறைந்தது.

ஊராட்சித் தலைவர்களே, அடுத்த கிராம சபையில் அந்தப் பெட்டகத்துக்கு ஒரு தீர்மானம் போடுங்கள். மனம் உடைந்திருப்பவர்கள் 104 அல்லது 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். பக்கத்து வீட்டுக்கும் இதைச் சொல்லுங்கள்.