மண்டி அனுபவமும் ஏட்டுப் படிப்பும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கல்லாவில் அமர்ந்து நாம் சொல்வதுண்டு. ஒரு பிடி சரக்கை அள்ளிப் பார்த்தே தரம் சொல்லும் கடலூர், சிதம்பரம் வணிகர்களுக்கு அப்படிச் சொல்ல உரிமையும் உண்டு. ஆயினும் அது முழு உண்மைதானா என்பதை, நாம் விற்கும் இரண்டு சரக்குகளைக் கொண்டே பார்ப்போம்.

முதலாவது, புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்தும் முறையை நம் முன்னோர் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில், பெரிபெரி நோய்க்குக் காரணம் அறிய ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கினார். தீட்டிய பச்சரிசி உண்ட 120 பேரில் 36 பேருக்கு நோய் கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் நோய் கண்டவர் இருவரே. அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்ற விளக்கம் பின்னரே வந்தது. இங்கே அனுபவம் முந்திக்கொண்டது.

இரண்டாவது, மணிலா. காயை உலுக்கி ஓசை கேட்டு, பருப்பைக் கடித்துப் பார்த்து ஈரம் சொல்வதில் நம் மண்டிக்காரர்கள் தேர்ந்தவர்கள். ஆனால் 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கின் பூஞ்சண நஞ்சே காரணம் என்று ஆய்வுக்கூடம்தான் கண்டறிந்தது. அஃப்ளடாக்சின் என்னும் அந்நஞ்சு கல்லீரல் புற்றுநோய் தரவல்லது. கண்ணுக்கோ நாக்குக்கோ பிடிபடாது. வறுத்தாலும் முழுதும் அழியாது. பிண்ணாக்கு தின்ற பசுவின் பாலிலும் வந்து சேரும். இங்கே படிப்பு முந்திக்கொண்டது.

எனினும் அந்தப் பூஞ்சணத்துக்கு வேண்டியது ஈரம். ஈரம் அறிந்தது நம் கை. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையில் மூட்டைகளைத் தரையில் போடாமல், சுவரில் ஒட்டாமல், பலகைமேல் அடுக்குவோம். பூஞ்சணம் பிடித்த பருப்பைப் பொறுக்கி ஒதுக்குவோம். ஒதுக்கியதை எண்ணெய்க்கும் மாட்டுக்கும் தள்ளிவிடாமல், நட்டமானாலும் அழித்துவிடுவதே வாணிப தர்மம். பெரிய கொள்முதலானால் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம்.

சிதம்பரத்தில் 1929இல் பல்கலைக்கழகம் கண்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், வணிகக் குடும்பத்தில் பிறந்தவர்தாம். அங்கே வேளாண் புலமும் உண்டு. சரக்கில் ஐயம் எழுந்தால் அங்குள்ள அறிஞர்களிடம் கேட்கக் கூச்சம் வேண்டாம். அவர்களும் நம் மண்டிக்கு வந்து பார்க்கட்டும்.