பங்கிடத் தெரிந்த அரசு

2022 ஜூன் 27 அன்று இலங்கை அமைச்சரவைப் பேச்சாளர் பந்துல குணவர்தன ஓர் அறிவிப்பை வெளியிட்டார். மறுநாள் முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள். மற்றவர்கள் வீட்டில் இருந்தபடி வேலை செய்யட்டும். நகர்ப்புறப் பாடசாலைகள் மூடப்பட்டன. அதற்கு முன்பே அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லியிருந்தார்கள். ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய், டீசல் 460. அந்த விலைக்கும் கையில் காசை வைத்துக்கொண்டு நாட்கணக்கில் வரிசையில் கிடக்க வேண்டியிருந்தது. வரிசையிலேயே சிலர் உயிரை விட்டார்கள்.

அடுத்த மாதமே வந்தது கியூஆர் அட்டை. எரிசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர அறிவித்த ‘தேசிய எரிபொருள் அனுமதி’. அடையாள அட்டை எண், வாகனத்தின் சேசிஸ் எண் இரண்டையும் பதிந்தால் கைப்பேசிக்குக் குறியீடு வரும். எரிபொருள் நிரப்பும் செற்றில் அதைக் காட்டினால் வாரத்துக்கான அளவு கிடைக்கும். மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. கிலோமீற்றர் கணக்கில் நீண்ட வரிசைகள் சில வாரங்களில் கரைந்தன. எதையும் ஒழுங்காகச் செய்யாது என்று பெயரெடுத்த ஓர் அரசு, இதை ஒழுங்காகச் செய்தது. 2023 செப்டெம்பர் வரை அந்த முறை நீடித்தது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பட்டியலைத் திரும்பவும் படித்துப் பாருங்கள். பங்கு வாகனத்துக்குப் போனது, பயணிக்கு அல்ல. வீட்டில் ஆளுக்கொரு அடையாள அட்டையும் ஆளுக்கொரு காரும் இருந்தால் ஆளுக்கு இருபது லீற்றர். வாகனமே இல்லாத குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. அவர்களுடைய பங்கு பஸ்ஸில் இருந்தது. கியூஆர் பட்டியலில் பஸ்ஸுக்கு வாரம் 40 லீற்றர் டீசல், அதாவது இரண்டு காருக்கு உள்ள அளவு. இதற்குப் புறம்பாக இலங்கை போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சாலைகளில் தனியார் பஸ்களுக்கு டீசல் கொடுக்க ஏற்பாடு இருந்தது உண்மைதான். இருந்தும் ஓடிய பஸ்களில் மிதிபலகை நிறையத் தொங்கியபடிதான் சனம் போனது. ஐம்பது பேரை ஏற்றும் வண்டிக்கு முதலில் ஊற்றிவிட்டு, மிச்சத்தை மற்றவர்கள் பிரித்துக்கொள்ளட்டும் என்று ஆரம்பத்திலேயே எவரும் தீர்மானிக்கவில்லை. எண்ணெய் குறையும்போது ஓர் அரசு எடுக்க வேண்டிய முதல் முடிவு அதுதான் என்பது என் எண்ணம்.

அது டொலர்த் தட்டுப்பாடு, எண்ணெய்த் தட்டுப்பாடு அல்ல என்பார்கள். சொந்தமாக ஒரு பீப்பாயும் எடுக்காத நாட்டுக்கு இரண்டும் வந்து சேரும் இடம் ஒன்றுதான். சவூதியில் கிணறு வற்றினாலும், வளைகுடாவில் கப்பல் மறிக்கப்பட்டாலும், மத்திய வங்கியில் கையிருப்பு தீர்ந்தாலும், செற்றில் ‘பெற்றோல் இல்லை’ என்ற அதே மட்டைதான் தொங்கும்.

இந்த நாட்டில் எண்ணெயே வேண்டாத போக்குவரத்து ஒரு காலத்தில் ஓடியது. கொழும்பில் 1899 முதல் மின்சார டிராம். 1953 இல் டிரொலி பஸ் வந்தது: மேலே மின்கம்பி, கீழே ரப்பர் சக்கரம், புகையில்லை. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர்தான், 1950 இல், லக்ஸபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியிருந்தது. மலையில் மழை, அதிலிருந்து மின்சாரம், அதில் ஓடும் பஸ் என்று ஒரு சங்கிலி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. 1960 இல் டிராமை நிறுத்தினார்கள், 1964 இல் டிரொலியையும். நீர்மின்சாரத்தின் தந்தை எனப்படும் விமலசுரேந்திர, ரயிலை மின்மயமாக்கும் யோசனையை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே முன்வைத்தவர். கொழும்பு கோட்டையிலிருந்து புறப்படும் ரயில்கள் இன்றும் டீசலில்தான் உறுமுகின்றன.

1958 இல் பஸ்கள் தேசியமயமாகிப் போக்குவரத்துச் சபையின் கீழ் வந்தன. உச்சத்தில் ஏழாயிரம் பஸ் வரை வைத்திருந்த சபை அது. 1979 இல் தனியாருக்குக் கதவு திறந்தது, சபை மெலிந்தது, ஆள் சேரும்வரை ஹோல்ட்டில் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நிற்கும் பஸ்கள் பெருகின. பஸ்ஸில் நசுங்க முடியாதவர் முச்சக்கர வண்டிக்குப் போனார். பதிவேட்டில் அவை பதினொரு இலட்சத்தைத் தாண்டின. அரச அதிகாரிக்கோ சலுகைத் தீர்வையில் கார் இறக்கும் ‘பேர்மிற்’. பஸ்ஸைத் திட்டமிட வேண்டியவர் பஸ்ஸில் ஏறத் தேவையில்லாதபடி அரசே பார்த்துக்கொண்டது. (பேர்மிற்றை விற்றுக் காசாக்கியவர்களில் பாராளுமன்ற உறுப்பினர்களும் உண்டு என்பதை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.)

இதையெல்லாம் ஓரளவு திருத்தும் வாய்ப்பொன்று 2019 மார்ச்சில் வந்தது. மாலபேயிலிருந்து கோட்டை வரை மின்சாரத்தில் ஓடும் இலகு ரயில். ஏறத்தாழ 16 கிலோமீற்றர், 16 நிலையங்கள். ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கடன் கொடுத்தது: வட்டி 0.1 சதவீதம், திருப்பிக் கட்ட 40 ஆண்டுகள், அதில் முதல் 12 ஆண்டுகள் சலுகைக் காலம். இப்படியொரு கடன் எல்லா நாளும் கிடைப்பதில்லை. மாலபே வீதியின் காலை நெரிசலை அறிந்தவர்களுக்கு, எத்தனை ஆயிரம் கார்கள் அங்கே முதலாம் கியரில் பெற்றோலைக் குடித்துக்கொண்டு நிற்கின்றன என்பதும் தெரியும். 2020 செப்டெம்பரில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் செயலாளரிடமிருந்து ஒரு கடிதம் போனது. செலவுக்கு ஏற்ற பயனில்லை, திட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். ஆலோசகர்களுக்கு நட்டஈடு கட்டியது தனிக்கதை. இரண்டு ஆண்டு கூட ஆகவில்லை, அதே ஜனாதிபதி எண்ணெய்க் கப்பலுக்குப் பணம் தேடித் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

இலகு ரயிலை நிறுத்தாமல் விட்டிருந்தாலும் 2022 இல் அது ஓடியிருக்காது. பாதிக் கட்டுமானத்தில் நின்றிருக்கும் என்பார்கள். நியாயமான மறுப்புத்தான். ஆனால் போக்குவரத்தை மாற்றும் வேலையின் இயல்பே அப்படி. அமெரிக்க எரிசக்தித் துறைக்காக ரொபர்ட் ஹேர்ஷ் குழு 2005 இல் எழுதிய அறிக்கை சொன்னது இதுதான்: எண்ணெய் உற்பத்தி உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்குவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே மாற்று வேலையைத் தொடங்கினால்தான் பெரிய அடி விழாமல் தப்பலாம். வாகனங்கள் ஒரே இரவில் மாறுவதில்லை, பாதைகளும் அப்படித்தான். அறிக்கை பேசிய உச்சம் அன்று வரவில்லை, அமெரிக்க ஷேல் எண்ணெய் அதைத் தள்ளிப்போட்டது. இருபது ஆண்டுக் கணக்கு மட்டும் தப்பவில்லை.

தட்டுப்பாட்டில் சனம் என்ன செய்யும் என்பதை யாழ்ப்பாணத்துக்கு எவரும் சொல்லித்தர வேண்டாம். 1990 இல் யாழ்தேவி ரயில் நின்றது. அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் வடக்குக்குப் போகவில்லை. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின; ஸ்டார்ட் ஆவதற்கு மட்டும் கார்பரேற்றரில் சில சொட்டுப் பெற்றோல். சைக்கிளின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். குடாநாடு ஐந்து ஆண்டு சைக்கிளில் வாழ்ந்தது. அது திட்டமல்ல, தண்டனை.

அதே ஆண்டுகளில் கியூபாவும் சைக்கிளில்தான் இருந்தது. சோவியத் எண்ணெய் நின்றதும் காஸ்ட்ரோ அரசு சீனாவிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேல் சைக்கிள்களை இறக்கியது. ஹவானா விரிகுடாவின் கீழுள்ள சுரங்கப் பாதையில் சைக்கிளையும் ஆளையும் சேர்த்து ஏற்றிச்செல்லத் தனி பஸ் விட்டது. லொறி இழுக்கும் நீண்ட பெட்டிகளில் ஒரே தடவையில் முந்நூறு பேர் வரை போனார்கள். காலியாகப் போகும் அரச வாகனங்களை மறித்து, வீதியில் காத்து நிற்பவர்களை வரிசைப்படி ஏற்றிவிட மஞ்சள் சீருடையில் அலுவலர்கள் நின்றார்கள். பங்கு வாகனத்துக்கல்ல, ஆளுக்கு என்று தெளிவாக யோசித்த ஏற்பாடு அது. ஆனால் 2000 இல் வெனிசுவேலாவுடன் எண்ணெய் ஒப்பந்தம் வந்ததும் சைக்கிள்களைக் கைவிட்டார்கள். எண்ணெய் திரும்பி வந்தால் எந்த அரசுக்கும் ஞாபகமறதி வந்துவிடும் போலிருக்கிறது.

கொழும்புக்கும் அந்த மறதி வந்துவிட்டது. 2020 இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்தார்கள். அந்த ஆண்டில் வாகனத்துக்கு மட்டும் போன தொகை நூறு கோடி டொலரை எளிதாகக் கடந்தது. திருகோணமலையில் ஆங்கிலேயர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகளில் 61 ஐ இந்தியாவுடன் கூட்டாகப் புதுப்பிக்க 2022 ஜனவரியில் கையெழுத்திட்டார்கள். சேமிப்பது நல்லதுதான். ஆனால் தாங்கி தவணை வாங்கித் தரும், பயணத்தைக் குறைக்காது.

இத்தனைக்கும் நடுவே 2025 ஏப்ரலில் ஒரு வேடிக்கை நடந்தது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்பாவனை குறையும் என்பதால், கூரைச் சூரிய மின்கலங்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை பாவனையாளர்களைக் கேட்டுக்கொண்டது. வெயிலில் வரும் மின்சாரம் மிஞ்சிப்போய் வலையமைப்பைக் குழப்பிவிடும் என்ற பயம். அதே பகலில் பாணந்துறைக்கும் வெயாங்கொடைக்கும் இடையில் ஓடிய ரயில்கள் டொலர் கொடுத்து வாங்கிய டீசலை எரித்தன.

2014 இல் யாழ்ப்பாணத்துக்குப் புதிய தண்டவாளம் வந்தபோதே மின்கம்பியும் இழுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு நாளைக்குச் சில ரயில்களே ஓடும் ஒற்றைப் பாதைக்கு அது கட்டுப்படியாகாது. பாணந்துறை–வெயாங்கொடைப் பாதை அப்படியல்ல. நாட்டின் மிக நெரிசலான புறநகர்ப் பாதை அது, மின்மயமாக்கும் பேச்சு பல தடவை வந்துபோன பாதையும் கூட. அங்கே கம்பி இழுக்கப் போகிறார்களா, அல்லது அடுத்த கியூஆர் அட்டைக்கு இப்போதே மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்களா என்று பயணிகள் போக்குவரத்து அமைச்சரிடம் கேட்கலாம். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் அந்தப் பாதைக்கு ஒதுக்கும் தொகையைப் பார்த்தால் பதில் தெரியும்.