காயல்பட்டினத்தின் பழம்பள்ளிகள்

பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் நிலையை நோக்குமாறு திருமறை பல இடங்களில் ஏவுகின்றது. அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தூத்துக்குடியிலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் காயல்பட்டினம். அதே கரையில் பழையகாயல், புன்னைக்காயல் என மேலும் இரண்டு ஊர்கள். கடலோரக் கழியைக் குறிக்கும் சொல்லே காயல். தாமிரவருணி கொணர்ந்த மண் துறையைத் தூர்த்தது. வணிகம் இடம் பெயர்ந்தது. பெயரும் உடன் சென்றது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றி வந்த மரக்கலங்கள் காயலைத் தொட்டுச் சென்றதை எழுதியுள்ளார். குதிரை ஒன்றின் விலை 220 பொன் தீனார் என்பார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். பாண்டியனுக்கு அமைச்சராயிருந்தவர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்பதும் அவர் தரும் செய்தியே. சமயம் வேறாயினும் நாணயத்தை மதித்த அரசு அது! பிற்காலத்தில் கால்டுவெல் ஐயர் பழையகாயல் வெளியில் சீனப் பீங்கான் துண்டுகளைக் கண்டெடுத்தார்.

காயல்பட்டினத்தின் பழம்பள்ளிகளுக்குள் நுழைந்து பாருங்கள். கல்தூண், அதன்மேல் போதிகை, அதன்மேல் தட்டையான கூரை. தென்பாண்டிச் சிற்பியர் கோயில் மண்டபங்களுக்குக் கையாண்ட முறையே அது. உயிருருவங்கள் மட்டும் இல்லை. அவ்விடத்தைப் பூவும் கொடியும் நிரப்பின. மார்க்கம் அரபகத்திலிருந்து வந்தது, உளி இம்மண்ணுக்குரியது. இதே ஊரில்தான் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் தோன்றினார்கள். காசிம் புலவர் நபிபெருமானார் (ஸல்) மீது திருப்புகழ் பாடினார்.

இனி நாம் கவலையுற வேண்டிய செய்தி. தொழுவோர் பெருகும்போது பள்ளியை விரித்துக் கட்டுவது தேவையே. ஜும்ஆ நாளில் வெயிலில் பாய் விரித்து நிற்போரிடம், பழைய தூண் இருக்கட்டும் என்று கூறுவது எளிதன்று. ஆயினும் நம் கடற்கரையூர்களில் பெயர்த்தெடுக்கப்படும் கற்கள் எங்கே போகின்றன? எழுத்துள்ள கல் படிக்கட்டாகிறது. ஹவுளின் ஓரத்தில் பதிக்கப்படுகிறது. மீஸான் கல்லின் அரபி வரிகள் சுண்ணாம்பில் மறைகின்றன. ஒருவரின் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் அத்துடன் அழிந்துபோகின்றன. கட்டடக்கலை அறிஞர் மெஹர்தாத் ஷுக்கூஹி இவ்வூர்ப் பள்ளிகளை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் நூலாக்கினார். அயலார் ஒருவர் வந்து செய்த பணியை ஊரார் செய்ய இயலாதா?

பெருஞ்செலவு ஏதுமில்லை. தங்கள் ஊர்ப் பள்ளியில் இடிப்பு வேலை தொடங்குமுன், எழுத்துள்ள ஒவ்வொரு கல்லையும் கைபேசியில் படமெடுங்கள். அது இருந்த இடத்தையும் நோக்கிய திசையையும் ஜமாஅத் பதிவேட்டில் குறியுங்கள். அரபி அறிந்த ஆலிம் ஒருவரும் பழந்தமிழ் எழுத்தறிந்தவர் ஒருவரும் உடன் அமர்ந்தால் ஒரே நாளில் முடியும் வேலை இது. கல்லைப் பெயர்ப்பதாயின், புதிய சுவரிலேயே கண்ணுக்கு எட்டும் உயரத்தில், எழுத்து வெளியே தெரியுமாறு பதிக்கச் சொல்லுங்கள்.