கூகுள் ஒரு மாணவர் ஆய்வாக இருந்தபோது

1997 நவம்பரில் முன்னணியில் இருந்த நான்கு வணிகத் தேடுபொறிகளுக்கு ஒரு சின்னச் சோதனை வைக்கப்பட்டது. தேடுபொறியின் சொந்தப் பெயரை அதன் தேடல் பெட்டியிலேயே தட்ட வேண்டும். முதல் பத்து முடிவுகளுக்குள் அதன் முகப்புப் பக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நான்கில் ஒன்றுதான் தேறியது. மற்ற மூன்றுக்கும் தங்களையே கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

இதைத் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் பதிவு செய்தவர்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த செர்கே பிரின், லாரி பேஜ் என்ற இருவர். அவர்கள் கட்டிய மாற்று ஏற்பாட்டுக்குப் பெயர் கூகுள். அன்று அது நிறுவனமாகவில்லை. பேராசிரியர்களின் வழிகாட்டலில், பொதுப் பணத்தில், நன்கொடையாக வந்த கணினிகளில் நடந்த ஒரு மாணவர் ஆய்வு அது. நாம் நாள்தோறும் பயன்படுத்தும் இந்தப் பொறி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள, அந்த ஆய்வை அருகிலிருந்து பார்ப்பதே நல்ல வழி.

மாணவர்கள் பெற்ற பொறி

தேடுபொறி என்ற கருவியின் வரலாறு முழுக்க மாணவர்களின் கைரேகை இருக்கிறது. 1990இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவராக இருந்த ஆலன் எம்டேஜ், இணையத்தில் சிதறிக்கிடந்த கோப்புகளின் பெயர்களைத் திரட்டித் தேட உதவும் 'ஆர்ச்சி'யை உருவாக்கினார். உலகளாவிய வலை மக்களிடம் வந்து சேரும் முன்பே பிறந்த தேடுபொறி அது. 1994இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் பிரையன் பிங்கர்டன் 'வெப்கிராலர்' செய்தார். பெயர்களோடு நின்றுவிடாமல் பக்கங்களின் முழு உரையிலும் அது தேடியது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்ற மாணவர்கள் வலைத்தளங்களைத் துறைவாரியாகக் கையால் பிரித்து அடுக்கத் தொடங்கினர். அது யாஹூ ஆனது.

சொற்களைக் கொண்டு ஆவணங்களைத் தேடும் அறிவியலுக்கு அப்போதே நல்ல அடித்தளம் இருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் சால்டன் 1960கள் முதல் இதில் உழைத்தவர். கேம்பிரிட்ஜில் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் ஒரு முக்கியமான உண்மையைச் சொன்னார்: எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லைவிட, சில ஆவணங்களில் மட்டும் வரும் அரிய சொல்லுக்குத் தேடலில் மதிப்பு அதிகம். இவை நூலகத் தொகுப்புகளை மனதில் வைத்து எழுந்த முறைகள். அங்கே ஒவ்வோர் ஆவணமும் யாரோ படித்துத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தது. வலையில் அப்படி ஒரு வாசற்காவல் கிடையாது. யாரும் எதையும் எழுதலாம். ஒரு சொல்லை நூறு முறை திரும்பத் திரும்ப எழுதி, எழுத்தின் நிறத்தைப் பின்னணி நிறத்தோடு கலந்து ஒளித்து வைத்தாலும், சொற்களை மட்டும் எண்ணும் பொறி ஏமாந்துபோகும்.

நான்கு திறமைகள் சேர்ந்த இடம்

1994இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, நாசா போன்ற அரசு அமைப்புகளோடு சேர்ந்து மின்னூலக ஆய்வுகளுக்கு நிதி தந்தது. ஸ்டான்ஃபோர்டில் அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் பேராசிரியர் ஹெக்டர் கார்சியா-மொலினா. 1995இல் அங்கே வந்து சேர்ந்தார் லாரி பேஜ். மனிதரும் கணினியும் உறவாடும் முறைகளை ஆராய்ந்த டெர்ரி வினோகிராட் அவருடைய நெறியாளர்.

பேஜ் எடுத்துக்கொண்ட கேள்வி தேடலைப் பற்றியதே இல்லை. ஒரு வலைப்பக்கத்திலிருந்து வெளியே செல்லும் இணைப்புகளை எவரும் பார்க்கலாம். ஆனால் அந்தப் பக்கத்தை நோக்கி உள்ளே வரும் இணைப்புகள் எவை? உங்கள் பக்கத்தைச் சுட்டுபவர் யாரென்று உங்களுக்கே தெரியாது. அதை அறிய ஒரே வழிதான் உண்டு. வலையிலுள்ள பக்கங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்து, எது எதைச் சுட்டுகிறது என்று எழுதி வைத்து, பிறகு அந்தப் பட்டியலைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும்.

1996 மார்ச்சில் இந்த வேலை தொடங்கியது. பல்கலைக்கழகத் தளத்தில் இருந்த பேஜின் சொந்தப் பக்கமே முதல் படி. பின்னோக்கி வரும் இணைப்புகளை ஆராய்ந்ததால் திட்டத்துக்கு முதலில் 'பேக்ரப்' என்று பெயர் வைத்தனர்; அதுவே பின்னர் கூகுள் ஆனது. பேரளவுத் தரவுகளிலிருந்து பயனுள்ள வடிவங்களைத் தோண்டியெடுக்கும் ஆய்வில் இருந்த பிரின் கணித பலத்தோடு இதில் இணைந்தார். ஸ்காட் ஹாசன் என்ற நிரலாளர் தொடக்க கால நிரல்களில் பெரும்பகுதியை எழுதினார். ஜம்முவில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பேராசிரியர் ராஜீவ் மோத்வானி அல்காரிதம் கோட்பாட்டில் கரைகண்டவர். மாணவர்கள் எப்போது கதவைத் தட்டினாலும் அவருடைய அறிவு அவர்களுக்குக் கிடைத்தது. கேள்வி ஒருவரிடமிருந்தும், கணிதம் இன்னொருவரிடமிருந்தும், நிரல் மூன்றாமவரிடமிருந்தும், சரிபார்க்கும் கண் ஆசிரியரிடமிருந்தும் வந்தன. இதில் எந்த ஒன்று குறைந்திருந்தாலும் அந்த ஆய்வு பாதியில் நின்றிருக்கும்.

மேற்கோளிலிருந்து வந்த பாடம்

இணைப்புகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? விடை ஆய்வுலகத்தின் பழைய வழக்கத்தில் இருக்கிறது. ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, தான் எடுத்தாண்ட முந்தைய ஆய்வுகளைக் குறிப்பிடுவார். அமெரிக்காவின் யூஜீன் கார்ஃபீல்ட் 1964இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அடைவு, எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுத்துத் தந்தது. பலரால் சுட்டப்படும் ஆய்வு முக்கியமானதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்ற எண்ணம் அதன் வழியே வலுப்பட்டது. 1976இல் பின்ஸ்கி, நரின் என்ற இருவர் இன்னும் ஒரு படி சென்று, செல்வாக்குள்ள இதழிலிருந்து வரும் மேற்கோளுக்குக் கூடுதல் எடை தர வேண்டும் என்று காட்டினர்.

வலை இணைப்பும் ஒருவகை மேற்கோள்தான். ஒருவர் தன் பக்கத்தில் இன்னொரு பக்கத்துக்கு வழிகாட்டினால், அது படிக்கத் தகுந்தது என்று சொல்கிறார். இந்தச் சிறு தீர்ப்புகள் கோடிக்கணக்கில் வலையெங்கும் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒன்றாகக் கூட்டிக் கணக்கிடும் முறைதான் 'பேஜ்ரேங்க்'.

மூன்று பக்கங்களில் ஒரு கணக்கு

இதை ஒரு தாளில் நாமே போட்டுப் பார்க்கலாம். க, ச, த என்று மூன்று பக்கங்கள் இருக்கட்டும். க என்ற பக்கம் ச, த இரண்டையும் சுட்டுகிறது. ச என்பது த-வை மட்டும் சுட்டுகிறது. த என்பது க-வை மட்டும் சுட்டுகிறது. தொடக்கத்தில் மூன்றுக்கும் ஆளுக்கு 30 மதிப்பெண். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் தன்னிடம் உள்ளதைத் தான் சுட்டும் பக்கங்களுக்குச் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

முதல் சுற்றில் க தன் 30ஐ இரண்டாகப் பிரித்துத் தருகிறது. ச-வுக்கு 15. த-வுக்கு க தரும் 15, ச தரும் 30, ஆக 45. க-வுக்கு த-விடமிருந்து 30. இரண்டாம் சுற்று முடிவில் க 45, ச 15, த 30. இப்படியே தொடர்ந்தால் ஏற்ற இறக்கம் குறைந்துகொண்டே வந்து, க 36, ச 18, த 36 என்ற இடத்தில் கணக்கு நிலைபெறும். பிறகு எத்தனை முறை பங்கிட்டாலும் மாறாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. த-வை இரண்டு பக்கங்கள் சுட்டுகின்றன; க-வை ஒன்றே ஒன்றுதான் சுட்டுகிறது. ஆனாலும் இரண்டுக்கும் சம மதிப்பு. காரணம், க-வைச் சுட்டும் ஒரே பக்கம் மதிப்பு மிக்கது. தன் மதிப்பு முழுவதையும் க-வுக்கே தருகிறது. எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்பதோடு, யார் சுட்டுகிறார்கள், அவர்கள் எத்தனை பேருக்குப் பங்கிடுகிறார்கள் என்பதும் கணக்கில் வருகிறது. பேஜ்ரேங்கின் உயிர்நாடி இதுதான்.

நிஜ வலையில் ஒரு சிக்கல் எழும். சில பக்கங்கள் எதையும் சுட்டுவதில்லை. சில பக்கங்கள் தங்களுக்குள்ளேயே சுட்டிக்கொண்டு மதிப்பெண்களைத் தேக்கி வைக்கும். இதைத் தீர்க்க மாணவர்கள் ஒரு வாசகரைக் கற்பனை செய்தனர். அவர் கண்ணில் பட்ட இணைப்பை அழுத்திப் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருப்பார். அவ்வப்போது அலுத்துப்போய், தொடர்பே இல்லாத வேறொரு பக்கத்துக்குத் தாவிவிடுவார். இணைப்பைப் பின்தொடரும் வாய்ப்பு 0.85, தாவும் வாய்ப்பு 0.15 என்று வைத்தனர். அந்த வாசகர் ஒரு பக்கத்தில் இருப்பதற்கான நிகழ்தகவே அப்பக்கத்தின் பேஜ்ரேங்க். 32 கோடியே 20 லட்சம் இணைப்புகள் கொண்ட தொகுப்பில்கூட ஏறத்தாழ 52 சுற்றுகளில் கணக்கு நிலைபெற்றது என்று அவர்கள் அறிக்கை சொல்கிறது. வலை எவ்வளவு பெரிதானாலும் இந்த முறை தாங்கும் என்ற நம்பிக்கை அதில் பிறந்தது.

ஊர்தல், அடைவு, வரிசை

தரவரிசை ஒன்றே தேடுபொறி ஆகிவிடாது. அதற்கு முன் இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, பக்கங்களைத் திரட்டும் 'கிராலர்'. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இந்த நிரல்கள் ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் ஏறத்தாழ 300 இணையத் தொடர்புகளைத் திறந்து வைத்துக்கொண்டன. நான்கு கிராலர்கள் சேர்ந்தால் வினாடிக்கு 100 பக்கங்களுக்கு மேல் எடுத்து வந்தன. கிராலர் என்றால் என்னவென்றே அப்போது பலருக்குத் தெரியாது. தங்கள் தளத்தின் அத்தனை பக்கங்களையும் பார்த்தீர்களே, பிடித்திருந்ததா என்று விசாரித்து ஏறக்குறைய தினமும் மாணவர்களுக்கு மின்னஞ்சல் வந்தது.

இரண்டாவது, அடைவு தயாரிப்பது. சங்க நூல்களுக்கான சொல்லடைவைப் புரட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு சொல்லை எடுத்தால், அது எந்தப் பாட்டில், எந்த அடியில் வருகிறது என்று அங்கே இருக்கும். தேடுபொறியும் எல்லாப் பக்கங்களுக்கும் அப்படியொரு சொல்லடைவை முன்கூட்டியே செய்து வைக்கிறது. நாம் 'தஞ்சாவூர் ஓவியம்' என்று கேட்டால், அது வலையைத் தேடி ஓடுவதில்லை. அடைவில் 'தஞ்சாவூர்' பட்டியலையும் 'ஓவியம்' பட்டியலையும் எடுத்து, இரண்டிலும் உள்ள பக்கங்களைப் பொறுக்குகிறது.

கூகுளின் அடைவு சொல்லின் இடத்தோடு அதன் எழுத்து அளவையும், தலைப்பில் வந்ததா என்பதையும் குறித்து வைத்தது. தேடும் சொற்கள் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால் மதிப்பைக் கூட்டியது. ஒருவர் இணைப்பு தரும்போது அந்த இணைப்பில் எழுதும் சொற்களை, அது போய்ச் சேரும் பக்கத்தின் கணக்கில் சேர்த்தது. ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைவிட, பிறர் அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பது பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

இவ்வளவுக்கும் அவர்களிடம் இருந்த வசதி குறைவு. சன், ஐ.பி.எம்., இன்டெல் நிறுவனங்கள் நன்கொடையாகத் தந்த கணினிகளில் வேலை நடந்தது. 4 ஜிகாபைட் வட்டுகள் பத்தை அடுக்க லீகோ கட்டைகளால் ஒரு பெட்டி செய்தனர். 2 கோடியே 40 லட்சம் பக்கங்களை அடக்கிய அந்த ஏற்பாட்டை விவரிக்கும் கட்டுரையை 1998 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த மாநாட்டில் வெளியிட்டனர்.

மாணவர்கள் எழுதிய எச்சரிக்கை

அந்தக் கட்டுரையின் பின்னிணைப்பு இன்றும் படிக்க வேண்டியது. விளம்பர வருமானத்தில் வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும், தேடுபவரின் தேவையிலிருந்து விலகும் என்று மாணவர்கள் அதில் எழுதினர். போட்டி நிறைந்த, ஒளிவுமறைவற்ற தேடுபொறி ஒன்று கல்வியுலகின் கையில் இருப்பது அவசியம் என்றும் வாதிட்டனர்.

காலம் வேறு திசையில் போனது. 1998 ஆகஸ்டில் ஆண்டி பெக்டோல்ஷெய்ம் என்ற முதலீட்டாளர் 1 லட்சம் டாலர் காசோலை தந்தார். செப்டம்பரில் நிறுவனம் பதிவானது. இருவரும் முனைவர் பட்டத்தை முடிக்கவில்லை. பேஜ்ரேங்க் காப்புரிமை ஸ்டான்ஃபோர்டுக்கே சொந்தமானது. அதைப் பயன்படுத்தும் உரிமையைக் கூகுளுக்குத் தந்து ஈடாகப் பெற்ற 18 லட்சம் பங்குகளைப் பல்கலைக்கழகம் பின்னர் விற்று 33.6 கோடி டாலர் ஈட்டியது. 2000இல் கூகுள் தேடும் சொல்லைச் சார்ந்த விளம்பரங்களைத் தொடங்கியது. விளம்பரமே அதன் பெரும் வருமானம் ஆனது.

2024 ஆகஸ்ட் 5 அன்று வாஷிங்டனில் கூட்டாட்சி நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தேடல் சந்தையில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். அமெரிக்காவில் நடக்கும் பொதுத் தேடல்களில் ஏறத்தாழ 90 சதவீதம் அதன் வழியே நடப்பதையும், கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் தானே முதல் தேர்வாக இருப்பதற்காக 2021இல் மட்டும் 2,600 கோடி டாலருக்கு மேல் செலவிட்டதையும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது.

ஆய்வாக இருந்தபோது கூகுளின் அடைவு, எடை, கணக்கு எல்லாம் எவரும் படிக்கும்படி அச்சில் இருந்தன. இன்று எந்தப் பக்கம் ஏன் மேலே வருகிறது என்பதை வெளியிலிருந்து யாரும் முழுமையாகச் சரிபார்க்க முடியாது. உலகம் எதைப் படிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் ஒரு கருவிக்கு இது பெரிய குறை.

இதற்கு மருந்தும் அந்த மாணவர் ஆய்விலேயே இருக்கிறது. பொது நிதி, கேள்வி கேட்கும் மாணவர்கள், நேரம் ஒதுக்கும் ஆசிரியர்கள், வெளிப்படையாக எழுதப்பட்ட கட்டுரை: இவ்வளவும் சேர்ந்தபோதுதான் நான்கு வணிகப் பொறிகளைவிட மேலான ஒன்று பிறந்தது. 1998 கட்டுரை இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. 'காமன் கிரால்' என்ற லாப நோக்கற்ற அமைப்பு கோடிக்கணக்கான வலைப்பக்கங்களைத் திரட்டி எல்லோருக்கும் தருகிறது. ஒரு கல்லூரி வகுப்பில் நான்கு மாணவர்கள் சேர்ந்தால், ஒரே பருவத்தில் சிறிய கிராலரும் சொல்லடைவும் பேஜ்ரேங்க் கணக்கும் செய்து முடிக்கலாம். அது கூகுளுக்குப் போட்டியாக வளர வேண்டியதில்லை. தேடுபொறி தரும் முதல் விடையை யார், எந்தக் கணக்கில், யாருடைய பணத்தில் முதலில் வைத்தார் என்று கேட்கத் தெரிந்த நான்கு பேரை அது உருவாக்கும். அப்படிக் கேட்பவர்கள் பெருகுவதே அன்று மாணவர்கள் எழுதிய எச்சரிக்கைக்கு நாம் தரக்கூடிய நேர்மையான பதில்.