காதால் பார்க்கிற படங்கள்
வீட்டுத் திரை – 11

அரும்பாவூரில் மரச்சிற்பப் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமா, கொட்டாப்புளியைக் கீழே வைக்காமலே படம் பார்ப்பார். வாகைக் கட்டையில் போன் சாய்ந்து நிற்கும். அவர் கை யாளியின் பிடரியில் சுருள் எடுத்துக்கொண்டிருக்கும். புதுப்படம் ஒன்றைச் சொன்னால் கதை கேட்க மாட்டார், நடிகர் யாரென்றும் கேட்க மாட்டார்.

"மாப்ள, இது கண்ணால பாக்குற படமா, காதால பாக்குற படமா?"

முதல் தடவை கேட்டபோது சிரித்தேன். இப்போது எந்தப் படத்தைப் பார்த்தாலும் எனக்குள்ளேயே அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. வீட்டில் படம் பார்த்தேன் என்று சொல்கிறோமே, அதில் பாதி கேட்டதுதான். அம்மா சின்ன வெங்காயத்துக்குத் தாள் அரிந்துகொண்டே பார்க்கிறார். அக்கா பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு நடுவே பார்க்கிறாள். தியேட்டர் என்றால் பெரம்பலூர் போகவேண்டும், திரும்பி வரும் பேருந்தை நினைத்துக்கொண்டே கிளைமாக்ஸ் பார்க்கவேண்டும். ஆகவே பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிற எங்களுக்கு இப்போது வீடும் பட்டறையும்தான் கொட்டகை. 2020-இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு வேலை கூடியதோ இல்லையோ, பட்டறையில் ஓடுகிற படங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது.

காதால் பார்க்கிற படங்களில் இந்த மாதம் மாமா முதலிடம் கொடுத்தது 'மெய்யழகன்'. பிரேம்குமார் இயக்கி 2024 செப்டம்பரில் வந்த படம். வீட்டை இழந்து ஊரை விட்டுப் போன ஒருவர் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். பேர் தெரியாத சொந்தக்காரன் ஒருவனோடு இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் கதை. நீளம் அதிகம் என்று பேச்சு கிளம்பி, வெளியான சில நாட்களில் பதினெட்டு நிமிடத்துக்கும் மேல் வெட்டினார்கள். உளி ஓடுகிற இடத்தில் அந்தப் படம் நீளமாகத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் ஊர்க்கதை பேசுவது மாதிரி அது பாட்டுக்குப் போகிறது. வெட்டச் சொன்னவர்கள் பட்டறைக்கு வந்திருந்தால் இன்னும் அரைமணி நேரம் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள்.

அம்மாவின் ஓட்டு 'மண்டேலா'வுக்கு. ஓட்டு என்று சும்மா சொல்லவில்லை. 2021 ஏப்ரல் 4, ஞாயிற்றுக்கிழமை. தியேட்டருக்கே வராமல் அந்தப் படம் நேராக விஜய் டிவியில் வந்தது. இரண்டு நாள் கழித்துச் சட்டமன்றத் தேர்தல். ஊரில் முடி வெட்டுகிறவருக்கு ஒரு வாக்காளர் அட்டை கிடைக்கிறது. அந்த ஒரே ஓட்டில்தான் உள்ளாட்சித் தேர்தல் முடிவே இருக்கிறது. அதுவரை வாசலுக்கு உள்ளே விடாதவர்கள் அவர் மரத்தடிக்கு வரிசையாக வருகிறார்கள். யோகிபாபுவை அப்படி அடக்கி நடிக்கவைத்த இயக்குநர் மடோன் அஸ்வினுக்கு அது முதல் படம். அறிமுக இயக்குநருக்கும் வசனத்துக்கும் தேசிய விருது வாங்கினார். அம்மா அன்று வெங்காயக் கூடையை முடிக்காமல் வைத்தார். போன வாரம் மறுபடி போட்டோம். நாலு வருஷம் ஆகியும் ஒரு வசனம்கூட நமுத்துப்போகவில்லை.

'லப்பர் பந்து'வை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், நான் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஒன்று மட்டும். மைதானத்துக்குள் டிராக்டரை ஓட்டிவந்து பிட்ச்சை உழுதுபோடும் கிரிக்கெட்காரரின் மனைவி யசோதையைப் பார்த்து எங்கள் வீட்டுப் பெண்கள் கைதட்டினார்கள். கிரிக்கெட் ஆடப் போன கணவனுக்காகச் சோளக்காட்டில் தனியாக நின்றவர்களின் கைதட்டல் அது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை, நானும் ஆடப் போனவன்தான்.

'ஜெய் பீம்' விஷயம் வேறு.

2021 நவம்பர் 2 அன்று அமேசான் பிரைமில் நேராக வந்த படம் அது. தியேட்டரில் பார்த்தவர் யாரும் இல்லை. அவரவர் வீட்டில் பார்த்து, அவரவர் வீட்டில் அழுதோம். நான்கு வருஷம் கழித்து, தம்பி போனில் இருந்ததென்று இந்த வாரம்தான் மாமா பார்த்தார். நீதிமன்றக் காட்சிகள் வரை அதுவும் காதுப் படமாகத்தான் ஓடியது. காவல் நிலையக் காட்சி வந்ததும் உளிச் சத்தம் நின்றது. பிறகு முடிகிற வரை அது கேட்கவே இல்லை.

முடிந்த பிறகு சொன்னேன், "மாமா, இது நம்ம பக்கம் நடந்தது."

படத்துக்கு அடிப்படையான வழக்கு 1993-ஐச் சேர்ந்தது. கடலூர் மாவட்டம் முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவைத் திருட்டு வழக்கு விசாரணை என்று பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் தப்பி ஓடிவிட்டார் என்று காவல்துறை சொன்னது. மனைவி பார்வதி நம்பவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. அதை எடுத்து நடத்திய வழக்கறிஞர் சந்துரு பின்னாளில் அதே நீதிமன்றத்தின் நீதிபதியானார். அடையாளம் தெரியாத பிணம் என்று ராஜாக்கண்ணுவின் உடல் கிடந்த இடம் மீன்சுருட்டி எல்லை. அன்று அது பிரிக்கப்படாத திருச்சி மாவட்டம், இன்று அரியலூர் மாவட்டம். மாவட்ட எல்லையைத் தாண்டிப் போட்டால் உள்ளூர் போலீசுக்கு ஆள் தெரியாது. அந்தக் கணக்கில் போட்ட உடல் அது.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "கங்கைகொண்ட சோழபுரம் தாண்டி அந்த ரோட்டுலதான் காட்டுமன்னார்கோயிலுக்குச் சிலை எடுத்துட்டுப் போவோம்" என்றார்.

படத்தின் மேல் எனக்கு இரண்டு குறை உண்டு. ராஜாக்கண்ணு குடும்பம் குறவர் சமூகம். படம் இருளர் என்று காட்டுகிறது. இருளர்களின் பாட்டையும் சொல்லத்தான் வேண்டும், ஆனால் உண்மை வழக்கைத் தேடிப் போகிறவர் குழம்பிப்போகிறார். இரண்டாவது, காலம். வழக்கறிஞராக சூர்யா வேகமாக நடக்கிறார், நீதியும் அவர் பின்னாலேயே வேகமாக வருகிறது. உண்மையில் உயர் நீதிமன்றத்தில் காவலர்களுக்குத் தண்டனை கிடைத்தது 2006-இல். பதின்மூன்று வருஷம். மனைவியாக வரும் லிஜோமோல் ஜோஸ் முகத்தில் அந்தப் பதின்மூன்று வருஷமும் இருக்கிறது, திரைக்கதையில் இல்லை. இவ்வளவு சொன்னாலும், பார்க்காதவர் யாராவது மிச்சமிருந்தால் இந்த வாரமே பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

உள்ளூர் என்று வந்ததால் 'விடுதலை' முதல் பாகத்தையும் சொல்லிவிடுகிறேன். வெற்றிமாறன் கற்பனை ஊர் ஒன்றில் கதையை வைத்திருக்கிறார். தொடக்கத்தில் ரயில் சிதைந்து கிடப்பதை வெட்டே இல்லாமல் நீளமாகக் காட்டுவார். கேமரா அந்தப் பெட்டிகளுக்கு நடுவே போகும்போது எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: மருதையாறு. 1956 நவம்பர் 23-இல் வெள்ளத்தில் பாலம் போய்த் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது அங்கே. அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது அதற்காக. 1987-இல் அதே ஆற்றுப் பாலத்தில் வெடி வைத்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸைக் கவிழ்த்தார்கள். அந்தக் காட்சியைக் காதால் பார்க்க முடியாது. போனிலும் பார்க்கக் கூடாது.

கடைசியாக, நான் பரிந்துரைத்து வாங்கிக் கட்டிக்கொண்ட படம்: 'கூழாங்கல்'. வினோத்ராஜ் இயக்கியது. 2021-இல் ராட்டர்டாம் விழாவில் புலி விருது, அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படம். நமக்கு 2023-இல் சோனி லிவ்வில்தான் வந்தது. குடிகார அப்பனும் பள்ளிக்கூடத்துப் பையனும் வெயிலில் நடக்கிறார்கள். பேச்சு மிகக் குறைவு. ஒன்றேகால் மணி நேரம்தான். பட்டறையில் போட்டேன். பத்து நிமிடத்தில் மாமா, "போன் நின்னுபோச்சா பாரு" என்றார்.

தப்பு என்னுடையது. கண்ணால் பார்க்கிற படத்தைக் காதுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அதையே வீட்டு டிவியில் போட்டோம். பட்டறை பூட்டியிருந்தது, பாத்திரம் கழுவி முடிந்திருந்தது, எல்லோரும் கீழே உட்கார்ந்திருந்தோம். முடிவில் ஊற்றில் தண்ணீர் ஊறி வருவதற்காகப் பெண்கள் காத்திருந்து அள்ளுகிற காட்சி வந்தபோது அம்மா, "எங்க காலத்துல ஏரி வத்துனா இப்புடித்தான்" என்றார். மாமா வாயே திறக்கவில்லை.

'கூழாங்கல்' பார்க்கப் போகிறவர்கள் பகலில் போட வேண்டாம். கையில் வேலை வைத்துக்கொண்டும் போட வேண்டாம்.