எலும்பு பொருந்திய பிறகு

2009 பெப்ரவரியிலிருந்து மே வரை, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் ஏற்றப்பட்ட காயக்காரர்களில் முதுகிலும் இடுப்பிலும் அடிபட்டவர்களும் இருந்தார்கள். அன்று இருபது வயதில் இருந்தவர்கள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். யுத்தம் ஓய்ந்த பின்னரும் பனையால் விழுந்தவர்கள், ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளோடு அடிபட்டவர்கள் என்று இந்த வரிசை நீள்கிறது. உடைந்த எலும்பு சில மாதங்களில் பொருந்திவிடும். நசுங்கிய நரம்பு அப்படியல்ல. அதன் விளைவுகள் பத்து, பதினைந்து வருடம் கழித்தும் வரும். அவற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சலம்தான் முதற்கவலை

முள்ளந்தண்டு வடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புக் கற்றையொன்று இறங்கிப் போகிறது. சலப்பையையும் மலவாசலையும் தாம்பத்திய உணர்வையும் ஆள்வது இந்தக் கற்றையின் அடி நரம்புகளே. அதனால்தான் கீழ் முதுகு உடைந்த ஒருவர் நடந்து திரிந்தாலும் சலம் முழுதாகப் போகாமல் இருக்கலாம்.

தேங்கும் சலத்தில் கிருமி வளரும், கல் உண்டாகும். அமுக்கம் மேலேறிச் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் கெடுக்கும். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் தனிப் பிரிவு தொடங்கும்வரை, முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது அடிபட்ட காயம் அல்ல. சலத் தொற்றும் படுக்கைப்புண்ணும்தான்.

எங்கள் பக்கத்தில் கலியாண வீட்டுக்கோ கொழும்பு பஸ்ஸுக்கோ போகவேண்டுமென்றால் முதல்நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். போகிற இடத்தில் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இருக்காது என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வன்னி வெயிலில் அதற்கான விலையைச் சிறுநீரகம் கொடுக்கிறது. நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, சவர்க்காரத்தால் கை கழுவி, தானே குழாய் விட்டுச் சலத்தை எடுக்கப் பழகுவது, நிரந்தரமாகக் குழாய் போட்டிருப்பதைவிடப் பலருக்கும் பாதுகாப்பானது. வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கானும் கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள்.

உணராத இடத்தில் வரும் புண்

படுத்திருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டவேண்டும். நாற்காலியில் இருப்பவர் அரை மணித்தியாலத்துக்குள் ஒருமுறையாவது கையை ஊன்றி உடம்பைத் தூக்கவேண்டும். இரவில் கைக்கண்ணாடியால் இருக்கைப் பகுதியைப் பாருங்கள். எங்கள் தோல் நிறத்தில் சிவப்புத் தெரியாது. கருத்து, சூடாக, தடித்திருந்தால் அதுவே புண்ணின் தொடக்கம். அடுப்பால் இறக்கிய சட்டியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டு போகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். தொடை வெந்த பிறகுதான் தெரியவரும்.

இடுப்பெலும்பு உடைந்தவர்களுக்கு

கோணலாகப் பொருந்திய இடுப்பெலும்பு ஒரு காலைக் கட்டையாக்கும். நெடுநேரம் இருந்தால் கீழ் முதுகு கொதிக்கும், வருடங்கள் போக இடுப்பு மூட்டும் தேயும். செருப்பின் அடியை உயர்த்துவதும் இயன்மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சியும் நிறையவே உதவும். கர்ப்பமான பெண்கள் பழைய உடைவைப் பற்றி முதல் கிளினிக்கிலேயே சொல்லிவிடவேண்டும். ஆண்களுக்கு ஏற்படும் தாம்பத்தியச் சிக்கலுக்கும் வைத்தியம் உண்டு. வெட்கப்பட்டு மறைக்கிறார்கள், குடும்பங்கள் மௌனமாகவே உடைகின்றன.

உடம்பில் செல் பீஸ் (எறிகணைத் துண்டு) இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் கட்டாயம் அதைச் சொல்லவேண்டும். காந்தம் இரும்புத் துண்டை அசைக்கும்.

எங்கே போவது

மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் நெதர்லாந்து உதவியுடன் கட்டிய புனர்வாழ்வுப் பிரிவு 2024இல் திறக்கப்பட்டது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான ‘உயிரிழை’ அமைப்பும் வன்னியில் இயங்குகிறது. அதே நிலையில் வாழும் ஒருவரிடம் கேட்டறிவதை எந்தத் துண்டுப்பிரசுரமும் தராது.

சைக்கிள் சீற்றில் படும் இடம் திடீரென விறைத்தாலோ, சலம் அடைத்தாலோ, கால் புதிதாகச் சோர்ந்தாலோ, காய்ச்சலோடு நடுக்கம் வந்தாலோ கிளினிக் நாள் பார்த்திருக்கவேண்டாம். அன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.